குடல் அழலும்போது எதை விலக்குவது?

குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு நோய் மறுபடி மூளும்போது மனத்தில் முதலில் எழும் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது. ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை கழிப்பறைக்கு ஓடி, சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு முறுக்கி, வாரத்துக்கு வாரம் எடை கரைந்துகொண்டிருப்பவர் “நான் என்னதான் சாப்பிடுவது?” என்று கேட்காமல் இருக்க முடியாது. அவருக்குக் கிடைக்கும் பதில்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. “நோய்க்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை, ஒத்துக்கொள்வதைச் சாப்பிடுங்கள்” என்பது மருத்துவமனைகளில் நெடுங்காலம் சொல்லப்பட்ட பதில். “இந்தப் பத்தியம் இருந்தால் மாத்திரையே வேண்டாம்” என்பது உறவினர்களும் யூடியூப் காணொளிகளும் சொல்லும் பதில். கடந்த நாற்பது ஆண்டுகளின் ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால் இரண்டுமே நிற்கவில்லை. கிரோன் நோய் மூளும்போது உணவுமுறை உண்மையிலேயே சிகிச்சையாக வேலை செய்கிறது. ஆனால் அதன் வலிமை, வழக்கமான சாப்பாட்டிலிருந்து எதை எடுத்துவிடுகிறோம் என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அப்படியானால் மருந்துக்கு விதிக்கும் அளவும் கெடுவும் பரிசோதனையும் இந்தப் பத்தியத்துக்கும் வேண்டும். இந்த அத்தியாயம் அதைத்தான் வாதிடுகிறது.

முதலில் நோயைப் பிரித்துக்கொள்ள வேண்டும். குடல் அழற்சி நோய் என்ற பெயரின் கீழ் இரண்டு நோய்கள் இருக்கின்றன. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலோடு நின்றுவிடுகிறது. மலக்குடலில் தொடங்கி, உட்படலத்தில் மட்டும் புண்ணாகிறது. கிரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். சிறுகுடலின் கடைப்பகுதி அதற்கு விருப்பமான இடம். குடல் சுவரின் முழுத் தடிமனையும் அரித்து, சுருக்கங்களையும் புரைவழிகளையும் உண்டாக்கும். 1932-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். உணவைப் பற்றிய வலுவான சான்று பெரும்பாலும் இந்த இரண்டாவது நோய்க்கே உரியது. இந்த வேறுபாட்டை மறந்து, ஒரு நோய்க்குக் கிடைத்த முடிவை மற்றதன் தலையில் கட்டுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

1960-களில் விண்வெளிப் பயணிகளுக்காகச் சோதிக்கப்பட்ட ஒருவகைத் திரவ உணவு இருந்தது. புரதத்துக்குப் பதில் அமினோ அமிலங்கள், மாவுச்சத்துக்குப் பதில் எளிய சர்க்கரைகள், மிகக் குறைந்த கொழுப்பு, தேவையான வைட்டமின், தாது உப்புகள். செரிக்க வேண்டிய வேலை ஏறக்குறைய ஏதுமில்லை. அறுவை மருத்துவர்கள் இதை, மெலிந்துபோன கிரோன் நோயாளிகளை அறுவைக்கு முன் தேற்றுவதற்காகக் கொடுத்தார்கள். எடை கூடும் என்று எதிர்பார்த்த இடத்தில் நோயே தணிவதைக் கண்டார்கள். அதை முறையாகச் சோதித்தது லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை. நோய் கடுமையாக மூண்ட 21 பேரில் ஒரு பாதிக்கு பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டும், மறு பாதிக்கு நான்கு வாரம் இந்தத் திரவ உணவு மட்டுமேயும் கொடுத்தார்கள். ஓமொரைன், சீகல், லீவை ஆகியோர் 1984-இல் வெளியிட்ட முடிவில், ஸ்டீராய்டு பெற்றவர்களுக்குச் சற்றும் குறையாமல் திரவ உணவுக்காரர்கள் தேறியிருந்தார்கள். ஆய்வு சிறியதுதான். ஆனால் அதற்குப் பிறகு குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின. 37 குழந்தைகளைப் பத்து வாரம் கவனித்த 2006-ஆம் ஆண்டின் இத்தாலிய ஆய்வில், குடலின் உட்படலம் ஆறியது ஸ்டீராய்டு பெற்றவர்களில் 33 சதவீதம் பேருக்கு. திரவ உணவு பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்கு. ஸ்டீராய்டு அறிகுறிகளை அடக்குகிறது, புண்ணை அவ்வளவாக ஆற்றுவதில்லை. எலும்பையும் வளர்ச்சியையும் வேறு பாதிக்கிறது. இன்று ஐரோப்பிய வழிகாட்டுதல்களில் கிரோன் நோய் மூண்ட குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத் திரவ உணவு முதல்நிலைச் சிகிச்சை.

பெரியவர்களிடம் கதை வேறு மாதிரி போயிற்று. பல ஆய்வுகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வில், தணிவு கண்டவர்கள் ஸ்டீராய்டில் 73 சதவீதம், திரவ உணவில் 45 சதவீதம். இந்த எண்களை வைத்துப் பெரியவர்களுக்கு உணவுச் சிகிச்சை பலிக்காது என்று பலர் கோப்பை மூடிவிட்டார்கள். எனக்கு இந்த முடிவு அவசரமானதாகவே படுகிறது. அமினோ அமிலக் கரைசலைக் குடித்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். கசப்பும் வேக வைத்த முட்டைக்கோஸ் போன்ற நெடியும் கலந்த அந்தத் திரவத்தை, வீட்டில் தாளிக்கும் மணம் வந்துகொண்டிருக்கும்போதே, காலை முதல் இரவு வரை தம்ளர் தம்ளராக, ஒரு கவளம் சோறுகூட இல்லாமல் வாரக்கணக்கில் குடிக்க வேண்டும். முடியாதவர்களுக்கு மூக்கு வழியாகக் குழாய். பழைய ஆய்வுகளில் பெரியவர்கள் பலர் முதல் சில நாட்களிலேயே விலகிக்கொண்டார்கள். விலகியவர்கள் சிகிச்சை தோற்றவர்களாகவே எண்ணப்பட்டார்கள். அப்படி எண்ணுவது ஆய்வு முறைப்படி சரி. நடைமுறையில் ஒரு மருந்தை விழுங்க முடியாவிட்டால் அது பயன்படாத மருந்துதான். ஆனால் விழுங்க முடியாத மருந்தும் விழுங்கியும் வேலை செய்யாத மருந்தும் வெவ்வேறு சிக்கல்கள். முதலாவதற்குத் தீர்வு தேடலாம். அந்தத் தீர்வைத் தேட, திரவ உணவு எதனால் வேலை செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

குடலுக்கு ஓய்வு கிடைக்கிறது என்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும் விளக்கம். வயிறு சரியில்லையென்றால் லங்கணம் போடும் வழக்கம் உள்ள நமக்கு அது இன்னும் இயல்பாகத் தோன்றும். இந்த விளக்கம் இரண்டு முறை சோதிக்கப்பட்டது. கனடாவில் 51 கிரோன் நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, வாய்வழி எதுவுமே இல்லாமல் ரத்தக் குழாய் வழி ஊட்டம், குழாய் வழித் திரவ உணவு, வழக்கமான சாப்பாட்டோடு சிறிது ரத்தக் குழாய் ஊட்டம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். 1988-இல் வெளியான முடிவில் தணிவு முறையே 71, 58, 60 சதவீதம். வேறுபாடு தற்செயலைத் தாண்டவில்லை. கடுமையான கொலைட்டிஸ் நோயாளிகள் 47 பேரை வைத்து 1986-இல் வெளியான மற்றோர் ஆய்விலும் குடலைப் பட்டினி போட்டதால் பலன் கிட்டவில்லை. ஆகவே ஓய்வு என்பது விளக்கமாகாது. அடுத்த விளக்கம், முழுப் புரதம் இல்லாததால் ஒவ்வாமை தணிகிறது என்பது. அதுவும் விழுந்தது. பால் புரதத்தை அப்படியே கொண்ட, குடிக்கவும் எளிதான திரவங்கள் அமினோ அமிலக் கரைசலுக்கு இணையாகவே வேலை செய்கின்றன.

மிஞ்சும் விளக்கத்தை இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காணலாம். இங்கிலாந்தில் 50 குழந்தைகளில் ஒரு குழுவுக்கு முழுக்கத் திரவ உணவும், மறு குழுவுக்குப் பாதித் திரவமும் பாதி விருப்பப்பட்ட சாப்பாடும் கொடுத்தார்கள். 2006-இல் வெளியான முடிவு: முழுத் திரவத்தில் 42 சதவீதம் பேர் தணிந்தார்கள், பாதியில் 15 சதவீதம். திரவத்தில் ஏதோ மருத்துவச் சத்து இருந்திருந்தால் பாதி அளவு ஓரளவுக்காவது உதவியிருக்க வேண்டும். அது ஏறக்குறைய உதவாமலே போனது. இப்போது 2019-இல் இஸ்ரேலின் ஹோலோன் நகரைச் சேர்ந்த ஆரியே லெவைனும் ரோட்டெம் சிகால் போனேயும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டதைப் பாருங்கள். அவர்களும் பாதித் திரவம்தான் கொடுத்தார்கள். ஆனால் மறு பாதியில் குழந்தைகள் விருப்பம்போலச் சாப்பிடவில்லை. கோழியின் நெஞ்சுக் கறி, நாளுக்கு இரண்டு முட்டை, இரண்டு வாழைப்பழம், ஒரு ஆப்பிள், வேக வைத்து ஆற வைத்த உருளைக்கிழங்கு, வெள்ளை அரிசிச் சோறு என்று ஒரு குறுகிய பட்டியல். கோதுமை, பால் பொருட்கள், பதப்படுத்திய இறைச்சி, பொட்டல உணவு, குளிர்பானம் எதுவும் கிடையாது. ஆறாவது வாரத்தில் இந்தக் குழுவில் 75 சதவீதம் பேரும், முழுத் திரவக் குழுவில் 59 சதவீதம் பேரும் ஸ்டீராய்டு இல்லாமல் தணிந்திருந்தார்கள். அந்த வேறுபாடு உறுதியானதல்ல. உண்மையான செய்தி பன்னிரண்டாவது வாரத்தில் வந்தது. இரு குழுக்களுக்கும் திரவம் நான்கில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. முதல் குழு விலக்குப் பட்டியலைச் சற்றுத் தளர்த்தித் தொடர்ந்தது, மற்றது பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியது. விலக்கியவர்களில் 75.6 சதவீதம் பேர் தணிவில் நீடித்தார்கள். திரும்பியவர்களிடம் அது 45.1 ஆகக் குறைந்தது. ஒரே அளவு திரவம், வேறு வேறு தட்டு, வேறு வேறு முடிவு. இந்த இரு ஆய்வுகளும் சேர்ந்து விரல் நீட்டுவது வழக்கமான சாப்பாட்டில் இருக்கும் ஏதோ ஒன்றின் மீது.

அந்த ஏதோ ஒன்று எது என்று பெயர் சொல்லத் துடிப்பவர்கள் பலர். ஐஸ்கிரீமும் சாஸும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் எமல்சிஃபையர்கள் முதல் சந்தேகத்துக்குரியவை. கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸும் பாலிசார்பேட் 80-உம் எலிகளின் குடலைக் காக்கும் கோழைப் படலத்தைக் கெடுத்து, பாக்டீரியாக்களைச் சுவரை நெருங்கவிட்டு அழற்சியைத் தூண்டின என்று பெனுவா ஷசாங்கும் ஆண்ட்ரூ கெவர்ட்ஸும் 2015-இல் காட்டினார்கள். ஆனால் இந்த வாதத்துக்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. கிளாஸ்கோ ஆய்வாளர்கள் கிரோன் நோய்க்குத் தரப்படும் 61 திரவ உணவுகளின் பட்டியலை 2020-இல் அலசியபோது, சந்தேகத்துக்குரிய சேர்பொருட்கள் பல அவற்றிலேயே தாராளமாக இருந்தன. அவற்றோடும் அந்தத் திரவங்கள் நோயைத் தணித்தன. இன்னொரு முரணும் இருக்கிறது. முழுத் திரவ உணவின்போது குடல் பாக்டீரியாக்களின் வகைமை குறைகிறது. நன்மை செய்பவை என்று புகழப்படும் சில இனங்களும் குறைகின்றன. அந்தக் குறைவின் நடுவிலேயே அழற்சி அடங்குகிறது. நார்ச்சத்தைக் கூட்டி நல்ல பாக்டீரியாவை வளர்த்தால் போதும் என்ற பரவலான அறிவுரை, நோய் மூண்ட காலத்துக்குப் பொருந்தவில்லை என்பதற்கு இது சான்று. ஒற்றைக் குற்றவாளி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பட்டியல் முழுவதையும் விலக்கினால் பலன் கிடைக்கிறது என்பதே சிகிச்சைக்குப் போதுமான அறிவு; எந்த உருப்படியைத் திரும்பச் சேர்க்கலாம் என்பதற்கு மட்டும் அது போதாது.

விலக்குதான் மருந்து என்றால், பெரியவர்களுக்கும் மெல்லக்கூடிய சாப்பாட்டிலேயே அதைச் செய்ய முடிய வேண்டும். நோய் மிதமாக இருந்த 40 பெரியவர்களிடம் இதே விலக்குப் பட்டியலைச் சோதித்து 2022-இல் வெளியிட்டார்கள். ஆறாவது வாரத்தில், திரவமும் சேர்த்துக்கொண்ட 19 பேரில் 13 பேரும், திரவமே இல்லாமல் பட்டியலை மட்டும் பின்பற்றிய 21 பேரில் 12 பேரும் தணிந்தார்கள். 24 வாரம் கழித்து என்டோஸ்கோப்பி செய்ததில் 40 பேரில் 14 பேருக்குக் குடல் ஆறியிருந்தது. ஜப்பானில், தணிவில் இருந்த 51 பெரியவர்களுக்கு வேறொரு வழியில் முயன்றார்கள்: நாளின் உணவில் பாதி அமினோ அமிலத் திரவம், மீதி அவரவர் சாப்பாடு. ஏறக்குறைய ஓராண்டில் நோய் திரும்பியது அவர்களில் 34.6 சதவீதம் பேருக்கு. முழுக்க வழக்கமான சாப்பாட்டில் இருந்தவர்களில் 64 சதவீதம். மூண்ட நோயைத் தணிக்காத பாதி அளவு, தணிந்த நோயைக் காப்பதற்கு உதவியிருக்கிறது. வேலை வேறு, அளவும் வேறு.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். ஆய்வுகள் சிறியவை, சாப்பாட்டை மறைத்துக் கொடுக்க முடியாததால் நோயாளிக்குத் தான் எந்தக் குழு என்று தெரிந்துவிடும், சேர்ந்தவர்கள் மிதமான நோயாளிகள். மூன்றும் உண்மை. கடுமையான நோய்க்கு, உயிரியல் மருந்துகள் தேவைப்படும் ஒருவருக்கு, இந்தப் பட்டியலை மாற்றாக நீட்டுவது ஆபத்து. ஆனால் தெரிந்துவிடும் என்ற குறை, கேட்டு எழுதிக்கொள்ளும் அறிகுறிகளைத்தான் பெரிதும் பாதிக்கும். என்டோஸ்கோப்பியில் தெரியும் புண்ணையும், அழற்சியைக் காட்ட மலத்தில் அளக்கும் கால்ப்ரொடெக்டினையும் நம்பிக்கை ஆற்றிவிடாது. அதனால்தான் உணவுச் சிகிச்சையை மதிப்பிட நான் முதலில் பார்ப்பது இந்த அளவுகளை.

இந்த அளவுகோலை வைத்தால், புகழ்பெற்ற சில பத்தியங்கள் சிறுத்துப்போகின்றன. அமெரிக்காவில் தானியங்களை முழுக்க ஒதுக்கும் ‘ஸ்பெசிஃபிக் கார்போஹைட்ரேட் டயட்’டையும், ஆலிவ் எண்ணெய், காய்கறி, மீன் நிறைந்த மத்தியதரைக் கடல் உணவுமுறையையும் 190-க்கும் மேற்பட்ட கிரோன் நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2021-இல் வெளியிட்டார்கள். ஆறு வாரத்தில் அறிகுறி தணிந்தவர்கள் 46.5, 43.5 சதவீதம், கடினமான பத்தியத்துக்கும் எளிமையானதற்கும் வேறுபாடில்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இறங்கியவர்களோ இரு பக்கமும் மிகச் சிலர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில், நோய் தணிந்தும் வயிற்று உப்புசமும் வலியும் தீராத 52 பேரில் ஒரு பாதிக்கு, நொதிக்கும் சர்க்கரைகளைக் குறைக்கும் ‘ஃபாட்மேப்’ உணவுமுறையை நான்கு வாரம் கொடுத்தார்கள். போதிய நிவாரணம் 52 சதவீதம் பேருக்குக் கிடைத்தது, போலிப் பத்தியத்தில் இருந்த மறு பாதியில் 16 சதவீதம். அழற்சி அளவுகள் அசையவேயில்லை. இந்தப் பத்தியம் பொய் என்று இதற்குப் பொருளில்லை. உப்புசத்துக்கு அது நல்ல வழி. ஆனால் வெங்காயத்தையும் பூண்டையும் நிறுத்தி வயிறு இலேசானதும் நோய் போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்துபவர், உள்ளே எரிந்துகொண்டிருப்பதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் நிலைமை இன்னும் இளம்பருவத்தில் இருக்கிறது. இதில் டெல்லி எய்ம்ஸ் செய்திருக்கும் பணி உலக அளவில் கவனிக்கத் தக்கது. கடுமையாக மூண்டு மருத்துவமனையில் சேர்ந்த 62 பேருக்கு வழக்கமான ஸ்டீராய்டோடு, ஒரு பாதிக்கு ஏழு நாள் திரவ உணவு மட்டும் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு பலிக்காமல் போனது திரவக் குழுவில் 25 சதவீதம், மற்றதில் 43 சதவீதம். அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆய்வு பெரியதல்ல. ஆனால் இங்கே உணவு மருந்தை விரட்டவில்லை, மருந்தோடு கை கோத்து நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். மஞ்சளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் தமிழ் வீடுகளில் கொலைட்டிஸ் என்றதும் மஞ்சள் பால் அடுப்பில் ஏறும். மெசலமைன் மருந்தோடு நாளுக்கு 3 கிராம் குர்குமின் சேர்த்துக்கொண்ட மிதமான நோயாளிகள் 26 பேரில் 14 பேர் நான்கு வாரத்தில் தணிந்தார்கள். போலி மாத்திரை எடுத்த 24 பேரில் ஒருவர்கூடத் தணியவில்லை. ஆனால் எய்ம்ஸில் நாளுக்கு 450 மில்லிகிராம் கொடுத்தபோது போலி மாத்திரையை விட அது மேலாக இல்லை. சமையல் மஞ்சளில் குர்குமின் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு. 3 கிராம் வேண்டுமென்றால் நாளுக்கு 100 கிராம் மஞ்சள் தூள் விழுங்க வேண்டும். ஒரு சிட்டிகை மஞ்சளால் கெடுதல் இல்லை. அது சிகிச்சையும் இல்லை.

உணவுச் சிகிச்சையை எதிர்க்கும் மருத்துவர்களின் வலுவான கவலை வேறொன்று: விலக்கு பழக்கமாகி, பழக்கம் பயமாகி, ஏற்கெனவே மெலிந்தவர் மேலும் மெலிந்துபோவது. இந்தக் கவலை முழுக்கச் சரியானது. அதற்கு விடை, விலக்குக்குக் கெடு விதிப்பது. நோய் தணிந்த பிறகும் கஞ்சியிலேயே காலம் தள்ளுபவர்களுக்கு இத்தாலியில் 1985-இல் வெளியான ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. சக்கை குறைந்த சாப்பாட்டையும் வழக்கமான இத்தாலியச் சாப்பாட்டையும் ஏறக்குறைய 70 கிரோன் நோயாளிகளிடம் 29 மாதம் ஒப்பிட்டார்கள்; நோயின் போக்கில் வேறுபாடில்லை. குடலில் சுருக்கம் இருப்பவர்கள் மட்டும் முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத் தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல் போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். அடைத்துக்கொள்ளும் என்பதுதான் அதற்குக் காரணம். சிவப்பு இறைச்சியை மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் சாப்பிடாதவர்களையும் வாரம் இரண்டு முறையாவது சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வும் நோய் திரும்புவதில் உறுதியான வேறுபாட்டைக் காணவில்லை.

நம் நாட்டில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. குடலில் வரும் காசநோய், என்டோஸ்கோப்பியிலும் திசுப் பரிசோதனையிலும்கூடக் கிரோன் நோயைப் போலவே தோன்றும். காசநோய்க்கு உரிய மருந்தைத் தாமதப்படுத்தி எட்டு வாரம் பத்தியம் இருப்பது உயிரோடு விளையாடுவது. நோய் இன்னது என்று உறுதியான பிறகுதான் பட்டியலைக் கையில் எடுக்க வேண்டும். பட்டியலையும் அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. வெள்ளைச் சோறு, வாழைப்பழம், முட்டை என்பதால் நமக்கு எளிது என்று முதல் பார்வையில் தோன்றும். ஆனால் முதல் ஆறு வாரம் துவரையும் உளுந்தும் கிடையாது, ஆக சாம்பாரும் இட்லியும் போகும்; தயிரும் மோரும் போகும். முட்டைகூடத் தொடாத சைவக் குடும்பத்தில் இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் புரதத்துக்குத் தட்டில் எதுவும் மிஞ்சாது. அவர்களுக்குத் திரவ உணவின் பங்கைக் கூட்டித்தான் கணக்கை நேர் செய்ய வேண்டும். ஆகவே குடல் மருத்துவருக்குப் பக்கத்தில் ஓர் உணவியல் நிபுணர் உட்கார வேண்டும்: தொடங்கும் நாளில் எடையும் கால்ப்ரொடெக்டினும் குறித்து, இரண்டு மூன்று வாரத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால் தயங்காமல் மருந்துக்கு மாற்றி, தெரிந்தால் ஆறாவது வாரத்தில் மறுபடி அளந்து, அதன் பிறகு முதலில் பருப்பு, அப்புறம் தயிர், அப்புறம் கோதுமை என்று இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க. திரவ உணவை நிறுத்திச் சாப்பாட்டுக்குத் திரும்பிய குழந்தைகளிடம் கால்ப்ரொடெக்டின் சில வாரங்களுக்குள்ளேயே ஏறியதை கிளாஸ்கோ குழு கண்டிருக்கிறது. அடுத்த பரிசோதனையின் தேதியை, பத்தியம் முடியும் நாளிலேயே குறித்துக் கொடுக்க வேண்டும்.